சுமைகூலி: செடி வைரஸும் அதைத் தூக்கித் திரியும் பூச்சியும்

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் புளோக்குக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்துக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் நடுவே ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. பக்கத்து எல்ஆர்டி ரயில் நிலையம் ஒன்றின் பெயர் ஃபார்ம்வே. பண்ணைகள் இருந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள். மிச்சமிருக்கும் மண் நாலு பாத்தி. அந்தப் பாத்திகளைவிடக் கால்வாய் ஓரத்துக் களைதான் முதலில் என் கண்ணை இழுத்தது. முழங்கால் உயரம், மெல்லிய ரோமம் படர்ந்த இலை, கசக்கினால் ஆட்டு வாடை, நுனியில் பொத்தான் பொத்தானாக இளம் ஊதாப் பூ. தாவரவியலில் அகெரேட்டம் என்பார்கள். அதன் சில செடிகளில் இலை பச்சையாகவும் நரம்புகள் மட்டும் பளிச்சென்ற மஞ்சளாகவும் இருந்தன, யாரோ மஞ்சள் நூலால் வலை பின்னி இலைமேல் ஒட்டியதுபோல. முதல் பார்வைக்கு அழகு. அது நோய் என்று தெரிந்த பிறகும் அழகு குறையவில்லை.

பாத்தியில் மிளகாய் போட்டிருக்கும் அக்கா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய செடிகளில் இரண்டு, இலை சுருண்டு, கணு குறுகி, குட்டையாக நின்றுவிட்டன. சுருண்ட இலையைப் புரட்டினேன். சாம்பலை ஊதிவிட்டதுபோல வெள்ளை ஈக்கள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே செடியில் மறுபடியும் உட்கார்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் இலையின் அடிப்பக்கத்தில் காம்பு முளைத்த முட்டைகள், மீன் செதிலைப்போல ஒட்டிக்கொண்ட நகராத குஞ்சுகள், ஈயாக வெளிவரப்போகும் கூட்டின் உள்ளே இரண்டு சிவப்புக் கண்கள்.

"நோய் வந்த செடியிலதான் தம்பி இது குட்டி போட்டுப் பெருகுது. அந்தப் பக்கம் நல்லா இருக்கிற செடியில பாருங்க, இவ்வளவு இல்ல" என்றார் அக்கா.

மிளகாய் இலை சுருள இலைப்பேனும் சிலந்திப்பேனும்கூடக் காரணமாகலாம். சோதனைச்சாலையில் கொடுத்துப் பார்க்காமல் அந்தச் செடிக்கு என்ன நோய் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவர் சொன்ன வாக்கியம் பெரியது. பூச்சி கடித்தால் செடிக்கு நோய் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். செடியின் நோய் அந்தப் பூச்சியை என்ன செய்கிறது என்ற எதிர்க்கேள்வியை அறிவியல் வெகு தாமதமாகத்தான் எடுத்தது. அதற்குப் பதில் தேடிப் போனால், பாதி வழியில் சிங்கப்பூரின் இந்தக் களையே நம்மை எதிர்கொள்கிறது.

1990களில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வோங் செக் மான் குழுவினர் இங்கே வளர்ந்த மஞ்சள் நரம்பு அகெரேட்டத்திலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் மையத்தில் ஜான் ஸ்டான்லியின் குழு அவர்களோடு சேர்ந்துகொண்டது. 1995இல் அதன் மரபணு அமைப்பு வெளியானது. வெள்ளை ஈ பரப்பும் ஜெமினி வைரஸ் குடும்பம். இரண்டு உருண்டைகள் ஒட்டிப் பிறந்ததுபோன்ற வடிவம், அதனால்தான் மிதுன ராசியின் பெயர். ஏறத்தாழ 2,700 எழுத்துகள் கொண்ட ஒரே வட்ட டிஎன்ஏ. இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. பிரித்தெடுத்த வைரஸை வேறு சில செடிகளில் செலுத்தினால் நோய் வந்தது; எந்தக் களையிலிருந்து எடுத்தார்களோ அந்த அகெரேட்டத்தில் மட்டும் மஞ்சள் நரம்பு தோன்றவே இல்லை. குற்றவாளி என்று பிடித்தவர் குற்றம் நடந்த வீட்டுக்குள்ளேயே நுழைய முடியாதவராக இருந்தார்.

ஐந்தாண்டு கழித்து விடை கிடைத்தது. கீத் சாண்டர்ஸ், ஸ்டான்லி, வோங் முதலியோர் 2000இல் வெளியிட்ட கட்டுரையில், நோயுற்ற செடியில் அந்த வைரஸோடு கூடவே பாதி அளவிலான இன்னொரு டிஎன்ஏ வட்டம் ஒளிந்திருப்பதைக் காட்டினார்கள். சுமார் 1,350 எழுத்துகள். தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளவும் தனக்கென உறை செய்துகொள்ளவும் அதனால் முடியாது. எல்லாவற்றுக்கும் பெரிய வைரஸைத்தான் நம்பியிருக்கிறது. ஆனால் அது சேர்ந்தால்தான் அகெரேட்டத்தின் நரம்பு மஞ்சளாகிறது. பீட்டா துணைக்கோள் என்று அதற்குப் பெயர் வந்தது. செடிகளில் இந்த வகை நோய்க்கு முதல் திறவுகோலாக அமைந்தவற்றில் ஒன்று, இந்தத் தீவில் யாரும் விதைக்காத, யாரும் விலைக்கு வாங்காத ஒரு செடி. தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து தருவிக்கும் ஊரில், பயிர் வைரஸ்கள் குடியிருக்க வயல் தேவையில்லை. ஒரு கால்வாய் ஓரம் போதும். எனக்கு இது பெருமையாகவும் கவலையாகவும் இருக்கிறது.

அதே குழு 2003இல் இன்னொன்றைக் காட்டியது. ஜப்பானின் பழைய கவிதைத் தொகுப்பான மான்யோஷூவில், 752ஆம் ஆண்டு பேரரசி கோகென் எழுதியதாக ஒரு பாட்டு இருக்கிறது. அதில் கோடையிலேயே மஞ்சளித்து நிற்கும் ஒரு செடி பேசப்படுகிறது. செடி வைரஸ் நோய்க்கு எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்று அதுவென்று கருதப்படுகிறது. அந்தச் செடியின் இன்றைய வாரிசுகளைச் சோதித்தபோது, அங்கேயும் வைரஸோடு ஒரு துணைக்கோள் இருந்தது.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கதை அல்ல. வெண்டையில் விழும் மஞ்சள் நரம்புத் தேமலை விவசாயிகள் எல்லாருக்கும் தெரியும். காய் வெளுத்து, நார் பாய்ந்து, சந்தையில் கேட்பாரற்றுப் போகும். பம்பாய் மாகாணத்தில் 1924லேயே பதிவான நோய். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜாய்ஸ் ஜோஸும் உஷாவும் 2003இல் நிறுவியது இதுதான்: அங்கேயும் ஜெமினி வைரஸ் தனியாக வேலை செய்வதில்லை, கூடவே ஒரு பீட்டா துணைக்கோள் இருக்கிறது. இங்கே தேக்கா சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கும்போதெல்லாம், செங்காங் களைக்கும் மதுரை வெண்டைக்கும் நோயில் ஓர் உறவுமுறை இருப்பது நினைவுக்கு வரும்.

இந்தத் துணைக்கோள் அப்படி என்னதான் செய்கிறது? அதில் ஒரே ஒரு புரதத்துக்கான செய்தி இருக்கிறது. பீட்டா சி1 என்பார்கள். சிங்கப்பூரில் பிறந்து நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய சுவா நாம் ஹாயின் குழு, சீனத்துத் தக்காளி வைரஸ் ஒன்றின் துணைக்கோளை எடுத்துக்கொண்டு 2008இல் இதற்கு ஒரு பதில் சொன்னது. பீட்டா சி1 இலையின் வடிவத்தைக் குலைக்கிறது. கூடவே, ஜாஸ்மோனிக் அமிலம் கொடுக்கும் எச்சரிக்கையின் ஒரு பகுதியை அமுக்கிவிடுகிறது.

மல்லிகையின் பெயரைத் தாங்கிய அமிலம் அது. அதன் உறவான ஒரு மணப்பொருளை முதலில் மல்லிகை எண்ணெயில்தான் கண்டுபிடித்தார்கள். சிராங்கூன் சாலைப் பூக்கடையில் மாலை கட்டுபவரின் கையில் மணக்கும் அந்த வாசத்தின் குடும்பம், செடிகளுக்கு உள்ளே அபாய மணி. பூச்சி கடித்த உடனே செடி ஜாஸ்மோனிக் அமிலத்தைச் சுரக்கிறது. அதைக் கேட்டு விழித்துக்கொள்ளும் மரபணுக்கள் பூச்சிக்கு ஒவ்வாத பொருள்களையும், டெர்பீன் என்னும் காட்டமான வாசனைப் பொருள்களையும் செய்ய ஆரம்பிக்கின்றன. பீட்டா சி1 போய், அந்த மரபணுக்களை எழுப்பும் புரதத்தைக் கட்டிப்பிடித்து நிறுத்திவிடுகிறது. 2014இல் யே ஜியான், லியு ஷூ ஷெங், சுவா ஆகியோர் பங்கெடுத்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மணி அடிக்கவில்லை, டெர்பீன் குறைகிறது, வெள்ளை ஈ நிம்மதியாக உட்கார்ந்து குடிக்கிறது. இந்த ஆய்வு நடந்தது சீனத்து வைரஸில்தான், அகெரேட்டத்தின் வைரஸில் அல்ல. ஆனாலும் இரண்டும் ஒரே குடும்பம்.

இன்னும் நுட்பமான சேதி 2019இல் யே ஜியானின் குழுவிடமிருந்து வந்தது. வெள்ளை ஈ இலைச் சதையைக் கடித்துத் தின்பதில்லை. ஊசிபோன்ற வாயைச் சாறு ஓடும் குழாய்வரை இறக்கி உறிஞ்சுகிறது. வைரஸ் பாதுகாப்பைத் தளர்த்துவதும் அந்த நாளங்களை ஒட்டித்தான். இலையின் மற்ற பகுதியில் எதிர்ப்பு கூடுகிறது, இலையைக் கடித்துத் தின்னும் புழுவுக்கு அங்கே இடம் கெடுகிறது. தன்னைத் தூக்கிச் செல்லும் பூச்சிக்குக் கதவைத் திறந்துவைத்து, வீட்டையே தின்றுவிடக்கூடிய மற்றவருக்குப் பூட்டுப் போடுகிறது ஒற்றைப் புரதம்.

அக்கா கண்ணால் கண்டதை எண்ணிப் பார்த்தவர்கள் ஹாங்சோவின் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தார். 2007இல் லியு ஷூ ஷெங்கின் குழு வெளியிட்ட அந்த ஆய்வில் உலகெங்கும் பரவிவரும் பி வகை வெள்ளை ஈயையும் உள்ளூர் வகை ஒன்றையும் புகையிலைச் செடிகளில் வளர்த்தார்கள். ஒரு வைரஸ் தாக்கிய செடியில் பி வகை ஈயின் முட்டை 12 மடங்கும் ஆயுள் 6 மடங்கும் கூடின. இன்னொரு வைரஸ் தாக்கிய செடியில் முட்டை 18 மடங்கு, ஆயுள் 7 மடங்கு. உள்ளூர் ஈக்கோ நோய்ச் செடியும் நல்ல செடியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இந்த எண்களை அப்படியே எல்லாப் பயிருக்கும் தூக்கிப் பொருத்தக் கூடாது. நல்ல புகையிலை பி வகை ஈக்குத் தோதான செடி அல்ல. ஆரம்ப எண் சிறியது என்பதால்தான் மடங்கு பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் அதன் பொருள் கனமானது. தனக்கு ஒவ்வாத செடியை வாழுமிடமாக மாற்றிக்கொள்ள வந்தேறிப் பூச்சிக்கு வைரஸ் வழி செய்து கொடுத்திருக்கிறது. இந்தியாவில் இந்த பி வகையை முதலில் கண்டது 1999இல், கோலாரில். நம் வயல்களில் வந்தேறியும் உள்ளூர் வகைகளும் போட்டியிடும்போது, வைரஸ் யார் பக்கம் நிற்கிறது என்று கேட்காமல் கணக்குப் போட்டால் கணக்கு தப்பும்.

இதுவரை சொன்னதெல்லாம் சுமைகூலி. கூலியைக் கொடுப்பது வைரஸ். பணம் செடியின் மடியிலிருந்து போகிறது.

பூச்சியின் சொந்த உடலுக்குள் வைரஸ் நுழைந்த பிறகு கணக்கு மாறுகிறது. தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸை வைத்து இஸ்ரேலின் ஹென்ரிக் ச்சோஸ்நெக்கும் அவருடைய மாணவர்களும் அந்தப் பயணத்தை நிமிடக் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். நோய்ச் செடியில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் ஈயின் தலையில் வைரஸ் தெரிகிறது. 40 நிமிடத்தில் நடுக்குடலில். 90 நிமிடத்தில் குடல் சுவரைத் தாண்டி உடல் திரவத்தில். அதிலிருந்து ஐந்தரை மணி நேரத்தில் உமிழ்நீர்ச் சுரப்பியில். குடலிலிருந்து சுரப்பிக்குப் போகும் வழியில் அழிந்துபோகாமல் வைரஸைக் காப்பது ஈயின் உடலில் குடியிருக்கும் பாக்டீரியா செய்யும் ஒரு புரதம். இந்த வைரஸ்கள் ஈக்குள் பெருகுவதில்லை, வெறும் பயணிகள்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2020இல் ஜெஜியாங் ஆய்வாளர்கள், இதே தக்காளி வைரஸ் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் பெருகவும் செய்கிறது என்று காட்டினார்கள்.

பயணிக்கு இடம் கொடுத்த ஈ என்ன ஆனது? ரூபின்ஸ்டைனும் ச்சோஸ்நெக்கும் 1997இல் வெளியிட்ட சோதனை, செடியின் பங்கையும் உடலின் பங்கையும் தனித்தனியே பிரித்துக் காட்டியது என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. ஈக்களை இரண்டு நாள் நோய்ச் செடியில் விட்டார்கள். பிறகு அந்த வைரஸ் பற்றாத செடிக்கு மாற்றி வளர்த்தார்கள். இப்போது செடி தரும் கூலி இல்லை; உடலுக்குள் வைரஸ் மட்டும் இருக்கிறது. ஆயுள் 17 முதல் 23 விழுக்காடு குறைந்தது. முட்டை 40 முதல் 50 விழுக்காடு குறைந்தது. பிற்பாடு வேறு ஆய்வகங்கள் செய்தபோது எல்லா இடத்திலும் இதே அளவு இழப்பு வரவில்லை என்றாலும், சுமக்கிற உடல் சுமையின் வலியை உணர்கிறது என்பதை இந்தச் சோதனை கண்முன் வைத்தது.

'பரஸ்பர உதவி' என்ற சொல்லை இந்த உறவுக்கு எடுத்த எடுப்பில் சூட்டுவது எனக்கு ஒப்பவில்லை. செடியில் கிடைப்பதைக் கூட்டி, உடலில் இழப்பதைக் கழித்து, மிச்சம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒவ்வொரு வைரஸுக்கும் ஒவ்வொரு பூச்சிக்கும் ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு சோதனையில் ஈ பிழைத்தது, மறு சோதனையில் செத்தது என்று முரணாகத் தோன்றும் முடிவுகளில் பல, ஆய்வாளர் ஈயை எந்தச் செடியில் வைத்து எண்ணினார் என்ற இடத்தில் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

வைரஸ் பூச்சியோடு எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதும் எல்லாவற்றையும் மாற்றுகிறது. வெள்ளரித் தேமல் வைரஸை அசுவினி சில நொடிகளில் வாய் நுனியில் எடுத்துக்கொள்ளும், சீக்கிரம் இழந்தும்விடும். உடலுக்குள் போகாத வைரஸ் பூச்சியை நேரடியாக எதுவும் செய்ய முடியாது. செடி வழியாக மட்டுமே பேச முடியும். கெரி மாக்கும் சக ஆய்வாளர்களும் 2010இல் அமெரிக்காவில் பூசணிச் செடிகளில் பார்த்தது விசித்திரமானது. நோய்ச் செடியின் வாசம் கூடி அசுவினியை அழைக்கிறது. வந்து வாய் வைத்தால் சாறு ருசிக்கவில்லை. அசுவினி உடனே பறந்துவிடுகிறது. வைரஸுக்கு வேண்டியதும் அதுதான்: வா, ஒரு வாய் தொட்டுக்கொள், போ. வெள்ளை ஈ சுமக்கும் வைரஸுக்கோ பூச்சி மணிக்கணக்கில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். அதனால் அங்கே செடி விருந்தாகிறது. தஞ்சை நெல் விவசாயிகள் அஞ்சும் துங்ரோ, இரண்டுக்கும் நடுவில். பச்சைத் தத்துப்பூச்சி அதை ஒரு சில நாள் வைத்திருக்கும், உடலுக்குள் விடாது.

நிலக்கடலை மொட்டுக் கருகலைப் பரப்பும் இலைப்பேனின் கதை வேறு. அந்த வைரஸ் வகையை இலைப்பேன் குஞ்சுப் பருவத்தில் எடுத்தால்தான் வளர்ந்த பின் பரப்ப முடியும். வைரஸ் அதன் உடலிலேயே பெருகுகிறது. அதற்கு நெருங்கிய உறவான தக்காளி வாடல் வைரஸைக் கலிபோர்னியாவில் கேண்டிஸ் ஸ்டாஃபோர்டும் டயான் உல்மனும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். வைரஸ் கண்ட ஆண் இலைப்பேன்கள் மற்றவற்றைவிட மூன்று மடங்குவரை அதிகமாகச் செடியைக் குத்தின. அவற்றில் பல குத்துகள் செல்லைக் கொல்லாமல் உமிழ்நீரை மட்டும் விட்டுவிட்டு வருபவை. உயிருள்ள செல்லில்தான் வைரஸ் வேரூன்றும். குத்தும் பழக்கத்தையே வைரஸ் திருத்தி எழுதியிருக்கிறது.

வெள்ளை ஈயின் மூளைவரைக்கும் இந்தக் கை நீளுகிறது. 2020இல் பெய்ஜிங்கின் விலங்கியல் நிறுவனத்தார், தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸைச் சுமக்கும் ஈக்களின் மூளையில் நரம்புச் செல்கள் தாமாக மடிவதைக் கண்டார்கள். மோப்பமும் பார்வையும் மங்கிய ஈ, தன்னை விரட்டும் செடி வாசத்தைப் பொருட்படுத்துவதில்லை. நோயில்லாத செடியிலும் போய் உட்காருகிறது.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு கோதுமை அசுவினி. அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் லாரா இங்வெல், சான்ஃபோர்ட் ஐகன்பிரோட், நில்சா போஸ்க் பெரெஸ் ஆகியோர் 2012இல் செய்த எளிய சோதனை. வைரஸ் இல்லாத அசுவினிக்கு முன்னால் நல்ல செடியையும் நோய்ச் செடியையும் வைத்தால் அது நோய்ச் செடியைத் தேடிப் போனது. செயற்கை உணவு வழியாக வைரஸை ஊட்டிய பிறகு அதே இனம் நல்ல செடியைத் தேடிப் போனது. செடியின் பங்கு எதுவும் கலக்காமல், உடலுக்குள் புகுந்த வைரஸே விருப்பத்தைத் திருப்பியிருக்கிறது. வெறுங்கையோடு இருப்பவர் சரக்கு இருக்கும் இடத்துக்கும், சரக்கு ஏற்றியவர் சரக்கு இல்லாத இடத்துக்கும் போவது எந்த வியாபாரிக்கும் புரியும்.

இதன் விளைவை வயலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். நோய்ச் செடிகள் நாலைந்தே இருக்கும் தொடக்கத்தில், வெறும் பூச்சிகள் அவற்றைத் தேடி வருவது தொற்றை வேகப்படுத்தும். வயல் முழுவதும் நோய் பரவிய பிறகும் அதே விருப்பம் மாறாதிருந்தால், பூச்சிகள் நோய்ச் செடியிலேயே தங்கி, தொற்று தானாகத் தேங்கிவிடும். சுமந்த பூச்சி மனம் மாறி நல்ல செடியை நாடினால்தான் கடைசிச் செடிவரை போகும். ஆகவே எத்தனை ஈ ஒட்டியது என்று மஞ்சள் ஒட்டும் அட்டையைப் பார்த்து எண்ணுவது பாதித் தகவல்தான். அவற்றில் எத்தனை சுமப்பவை என்பது மறு பாதி. களையெடுப்பதும் நோய்ச் செடியைப் பிடுங்குவதும் எந்த நாளில் என்பதும் இதைப் பொறுத்ததே. பூக்கும் பருவத்தில் பிடுங்கும் நோய்ச் செடியில் ஏற்கெனவே ஒரு தலைமுறை ஈக்கள் வைரஸ் குடித்து வளர்ந்திருக்கும். செடியை உலுக்கினால் அவை எழும்பும். எழும்பியவை எங்கே போய் உட்கார விரும்பும் என்பதைத்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இதை அக்காவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ பிடுங்கும்போது அதுங்களை எழுப்பக் கூடாது. விடியிறதுக்குள்ள வாங்க தம்பி, அந்த நேரத்துல மந்தமா இருக்கும்" என்றார்.

மறுநாள் காலை ஆறரை மணி. செங்காங்கில் அப்போது இன்னும் இருட்டுதான். எல்ஆர்டி வண்டி விளக்கோடு தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பெரிய குப்பைப் பையை அக்கா மெதுவாகச் செடியின் தலைவழியாக இறக்கி, அடித்தண்டில் சேர்த்துப் பிடித்தார். நான் மண்ணைக் கிளறி வேரோடு தூக்கினேன். பையின் வாயை இரண்டு முடிச்சாகக் கட்டினார். உள்ளே சாம்பல் பறப்பதுபோல ஏதோ பிளாஸ்டிக்கில் மோதுவது தெருவிளக்கில் தெரிந்தது. இரண்டாவது செடிக்கும் அப்படியே. பிறகு கால்வாய் ஓரத்துக்குப் போய், மஞ்சள் நரம்போடிய அகெரேட்டம் ஒவ்வொன்றுக்கும் பையை மாட்டிப் பிடுங்கினோம்; மொத்தம் பதினொன்று.

அன்று மாலை மீதிச் செடிகளின் இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி அக்கா ஈக்களை எண்ணினார். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்.